தட்டி நடப்பவளின் வருகைப் பதிவேடு

மாசி 3

இது நாட்குறிப்பு எழுதச் செய்த நோட்டு இல்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. திட்டின் வடக்கு மூலையில் கூரை விழுந்து கிடக்கும் பள்ளிக்கூடத்தில், கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் பக்கத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர். எதிரே கட்டம் கட்டமாக வந்தார், வரவில்லை என்று ஒரு வாத்தியார் பொறுமையாக எழுதியிருக்கிறார். மாதத்தின் பாதியிலேயே எழுத்து நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கடல் உள்வாங்கியது. அதன் பிறகு அது திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் யாரும் வரவில்லை.

நான் பிரகாசி. பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் தீவாக இருந்த இந்தத் திட்டில் இப்போது நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். சுற்றிலும் காய்ந்துபோன கடலடி. மேலே வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு, கீழே கருஞ்சேறு. சில இடம் லாரி போனாலும் தாங்கும். சில இடம் கோழி நடந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் வண்டிக்கு முன்னால் ஒருத்தி இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். டொக் என்று கேட்டால் தரை. தொப் என்று கேட்டால் சாவு. அந்த ஒருத்தி நான்தான்.

என் தங்கை லூர்துவும் நன்றாகத் தட்டுவாள். பதினைந்து வயது. தை மாதம் மழை விட்டதும், கரைக்குப் போகும் வழி எப்படி இருக்கிறது என்று பார்த்து வரப் போனவளை மஞ்சள் வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு என் முறை. எனக்குக் காய்ச்சல், அதனால் அவள் போனாள்.

இரண்டாம் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். பிரகாசி: வந்தாள். லூர்துவுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. வரவில்லை என்று எழுத எனக்கென்ன பைத்தியமா? வரப்போகிறவளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

மாசி 4

உப்பு வாரினேன். கை வெடித்து எரிகிறது. வேறொன்றும் இல்லை.

மாசி 9

கிழக்கே ஒன்பது மைலில் இருக்கும் ஊற்றுப்பாறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம். சூசையா மாமாதான் டிராக்டர் ஓட்டுவார். புன்னை எண்ணெய் ஊற்றி ஓட்டுவதால் போகிற வழியெல்லாம் கருகிய வடை வாசம். எனக்குப் பசிக்கும், மாமாவுக்குத் தலைவலிக்கும்.

போகும்போதும் வரும்போதும் செருப்புகளை எண்ணினேன். இதை எழுதி வைக்க வேண்டும். எங்களுக்குப் பிறகு யாராவது இந்த வழியாக வந்தால் தெரிய வேண்டும். தட்டி நடப்பவர் செருப்புப் போடுவதில்லை. பாதத்துக்குத் தெரிவது செருப்புக்குத் தெரியாது. சோடியை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவோம். போனவர் சேற்றில் போய்விட்டால், அந்தச் சோடியில் ஒன்றைக் கொண்டுபோய், அவர் போன இடத்தில் கம்பு நட்டுக் கட்டுவோம். செருப்பின் முனை உறுதியான தரையைப் பார்த்திருக்கும். மற்றது வாசலிலேயே கிடக்கும். கரையிலிருந்து ஊற்றுவரைக்கும் இப்படிப் பத்தொன்பது செருப்பு. செருப்புக்குப் பக்கத்தில் கம்பியால் தட்டக் கூடாது. தட்டினால் செத்தவரை நம்பவில்லை என்று அர்த்தம். முனை காட்டும் பக்கம் பேசாமல் காலை வைக்க வேண்டும்.

கரைப் பக்கமிருந்து வந்தால் முதல் செருப்பு எங்கள் அம்மாவுடையது. நீல வார், செப்புக் கம்பியால் தைத்தது. எட்டு வருஷமாக வடக்கே பார்த்திருக்கிறது. வருஷா வருஷம் நானும் லூர்துவும் போய்ப் புது நூல் கட்டிவிட்டு வருவோம்.

லூர்துவின் சோடி தை மாதத்திலிருந்து வாசலில் கிடக்கிறது. இரண்டும்.

மாசி 10

காலையில் கரைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி. ஏதோ கோயில் கொடைக்குக் கட்டியதை எங்கிருந்தோ பிடுங்கியிருப்பார்கள். முதலில் கரகரப்பு. பிறகு அவள் குரல்.

“எக்கா, நான் லூர்து. நல்லா இருக்கேன். சோறு தாராவ. வழியச் சொல்லிருங்கன்னு சொல்லச் சொல்லுதாவ.”

இதே மூன்று தடவை. மூன்றாவது தடவை இருமினாள். அவளுக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளும், கரைப் புழுதி ஒத்துக்கொள்ளாது. அதைப் போய் யாரிடம் சொல்ல?

மாசி 17

தினமும் காலையில் அவள் குரல்.

இன்று எல்லாரும் கூடிப் பேசினோம். மஞ்சள் வண்டிக்காரர்களின் தலைவனைக் கங்காணி என்பார்கள். ரோடு போடுகிற இடத்தில் ஆள் மேய்த்தவனாம். மஞ்சள் நிறத்தில் மண் அள்ளும் வண்டி மூன்று வைத்திருக்கிறான். அவன் போன ஊரில் கிணறு மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது. அவனுக்கு வேண்டியது எங்கள் ஊற்று. லூர்து வழியைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நாங்கள் சொன்னால் பிள்ளையை விடுவதாகச் சொல்கிறான். சூசையா மாமா முடியாது என்றார். ஒரு பிள்ளைக்காக நாற்பது பேரைக் கொடுக்க முடியாது என்பதை அவர் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அவர் மனைவி சந்தனமாரி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கணக்குச் சரிதான். அந்தச் சரியை நான் என்ன செய்வது?

மாசி 21

யாரிடமும் சொல்லாமல் வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு கரை ஓரம் போனேன். கங்காணி வந்தான். பெரிய ராட்சசனை எதிர்பார்த்தேன். ஒல்லியாக, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு, பல் குத்திக்கொண்டு நின்றான்.

“பிள்ளைய மொதல்ல விடும். வழிய பெறவு சொல்லுதேன்.”

“நீ வழியச் சொல்லு. பங்குனி பன்னெண்டு, வண்டி கரையவிட்டு எறங்குத நேரம் அவள விட்டுருதேன். எனக்கு அவ எதுக்கு?”

செருப்பு முனை பார்க்கும் பக்கம் போக வேண்டும், செருப்புக்குப் பக்கத்தில் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

மாசி 28

தலையில் பேன். சந்தனமாரி அத்தை பார்த்துவிட்டாள். லூர்து இருந்தால் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்வோம்.

பங்குனி 5

அம்மாவின் நினைவு நாள் ஐப்பசியில்தான் வரும். ஆனாலும் இன்று போனேன்.

மூன்று செருப்பு போதும் என்று தோன்றியது. கரைப் பக்கத்து மூன்று. மற்ற இரண்டையும் சீக்கிரம் திருப்பிவிட்டேன். அவை கடல் போன புதிதில் செத்தவர்களுடையவை, எனக்கு முகம் தெரியாது. அம்மாவுடையதுதான் வரவில்லை. நூல் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். வாயெல்லாம் உப்பு. வடக்கே பார்த்ததைத் தெற்கே திருப்பிக் கட்டினேன். தெற்கே பத்தடிக்கு அப்பால் கம்பியால் தட்டிப் பார்த்தேன். தொப்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. மூன்று வண்டியும் ஆளும் போய்த் தொலைந்த பிறகு திரும்ப வந்து சரியாகக் கட்டிவிடுவேன், அதற்குள் லூர்து வீட்டில் இருப்பாள் என்று மட்டும் சொன்னேன். கரையில் அவளை விட்டதும், நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இதில் எங்கே தவறு?

பங்குனி 11

வாசல் பெருக்கினேன். அவள் செருப்பைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினேன்.

பங்குனி 12

முடிந்தது. மூன்று மஞ்சள் வண்டியும் போயிற்று.

கரைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஓட்டை வள்ளத்துக்குப் பின்னால் காலையிலிருந்தே படுத்திருந்தேன். வண்டிகள் இறங்கின. கங்காணி லூர்துவை விடவில்லை. அவள் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து முன்னால் நடக்க விட்டான். இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மெலிந்திருந்தாள். யாருடைய சட்டையையோ போட்டிருந்தாள், முழங்கால் வரை தொங்கியது. தட்டித் தட்டி நடந்தாள். கரையிலிருந்து அம்மாவின் செருப்புவரைக்கும் இருநூறு எட்டு வைக்க வேண்டும்.

கத்தலாம் என்றுதான் பார்த்தேன். எதிர்க்காற்று. கத்தினாலும் கேட்டிருக்காது.

முதல் வண்டி அம்மாவின் செருப்பைத் தாண்டியதும் பொருக்கு ஒரு மைதானம் அளவுக்கு உடைந்தது. தடம் மாறப் பயந்து பின்னாலேயே ஒட்டி வந்த மற்ற இரண்டும் கூடவே இறங்கின. மேலே தொற்றியிருந்த ஆட்கள் குதித்தார்கள். குதித்தவர்களைச் சேறு இன்னும் சீக்கிரம் வாங்கிக்கொண்டது. பிறகு கொஞ்ச நேரம் கொப்புளம் வெடிக்கும் சத்தம் மட்டும். ஒரு வண்டியின் மண் அள்ளும் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்தேன். லூர்துவும் வந்துவிட்டாள்.

பிரகாசி: வந்தாள். லூர்து: வந்தாள்.

பங்குனி 13

வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வாடி என்றால் வரவில்லை. இடுப்புவரைக்கும் கறுப்பாக இருக்கிறாள், துடைத்துவிடுகிறேன் என்றாலும் கேட்கவில்லை. கம்பங்கஞ்சி வைத்தேன், தொடவில்லை. பெரிய கோபக்காரிதான். இருக்கட்டும், பசித்தால் சாப்பிடுவாள்.

காலையில் ஒலிபெருக்கி கேட்டது. எக்கா, நான் லூர்து. வாசலில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், கரையில் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்த கம்பமே சாய்ந்து கிடக்கிறது. பிறகு எங்கிருந்து?

சந்தனமாரி அத்தை ஒரு தட்டில் கருவாடு கொண்டுவந்தாள். லூர்துவுக்கு எங்கே என்று கேட்டேன். தட்டை வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்பது பேர் உயிரோடு இருப்பது என்னால்தான், ஆனாலும் செத்தவர்களைப் பொய் சொல்ல வைத்தவளோடு பேச அவர்களுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் சூசையா மாமா வந்தார். லூர்துவின் செருப்பில் ஒன்றைக் கேட்டார். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குச் செருப்புக் கட்டுவது என்று சத்தம் போட்டேன். அவர் வாசலில் குனிந்து சோடியைப் பார்த்தார்.

“ரெண்டு மாசத் தூசி அப்படியே கெடக்கு, பிரகாசி. ஒரு வெரல் தடங்கூட இல்ல. வந்த பிள்ள இதப் போடாமலா இருக்கும்?”

போங்கள் என்றேன். போகும்போது, சாய்ந்த வண்டியின் கைமேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், கங்காணி மாதிரி தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனி 14

ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். லூர்துவைக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை.

கங்காணிதான். அந்த இரும்புக் கையின்மேல் காக்கை மாதிரி குந்தியிருந்தான். உதடு வெடித்து, துண்டைத் தலையில் கட்டியிருந்தான். சுற்றிலும் சேறு. அவனுக்கும் எனக்கும் நடுவில் முப்பதடி. உறுதியான தரை எங்கே எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்தால் அவனை எடுத்துவிடலாம், அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றில் கட்டி வீசினேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அதற்குத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை.

“உங்க அம்ம செருப்பு ஏமாத்திட்டுல்லா அவள” என்றான். “அதப் பாத்ததும் நின்னுட்டா. ரொம்ப நேரம் நின்னா. பெறவு செருப்புக்குப் பக்கத்துல ஒரு தட்டு தட்டினா. நீதான் அங்கன தட்டக் கூடாதுன்ன, அவ தட்டினா. பெறவு திரும்பி எங்களப் பாத்து கையக் காட்டினா. எங்கம்மா வழி காட்டுதா, பின்னாலயே வாங்கன்னா.”

அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு எப்படி விளங்கும்? வருஷா வருஷம் நூல் கட்டிய கை. வடக்கே பார்த்த செருப்பு தெற்கே பார்த்தால் அவளுக்குத் தெரியாதா? முடிச்சைப் பார்த்திருப்பாள், என் முடிச்சு இடக்கை முடிச்சு. தட்டியிருக்கிறாள். தொப் என்று கேட்டிருக்கிறது. கேட்ட பிறகு கையைக் காட்டியிருக்கிறாள்.

தூக்கிவிடு என்றான் கங்காணி. கரைக் கொட்டகையில் இன்னும் பதினொரு பிள்ளைகள் ஆள் காவலில் அடைபட்டுக் கிடக்கிறார்கள், அவனை ஏற்றிவிட்டால் எல்லாரையும் விட்டுவிடுவதாகச் சொன்னான். இதை ஒரு தடவை சொல்லிவிட்டீர் என்றேன். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், முதலில் கெட்ட வார்த்தை சொல்லி, பிறகு தாயே என்று.

தண்ணீர் கொடுத்தேன். வழி கொடுக்கவில்லை.

பங்குனி 15

வாசலில் யாரும் இல்லை. வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்த்து.

பங்குனி 17

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இரண்டு இடத்தில் பொய் இருக்கிறது. வாத்தியார் பதிவேட்டில் பொய் இருக்கக் கூடாது.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் இல்லை. என் பங்குக் கருப்பட்டியை அவள் தின்றுவிட்டாள். ஒரு துண்டு, விரல் நுனி அளவு. அதற்காகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, இன்றைக்கு நீயே போடி என்றேன். கருப்பட்டி தின்ற தெம்பில் போய்ட்டு வாரேன் என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பன்னிரண்டாம் தேதி எதிர்க்காற்று இல்லை. காற்றே இல்லை. அவள் இருமியது எனக்குக் கேட்டது. அவள் இருமல் எனக்குக் கேட்டால் என் குரல் அவளுக்குக் கேட்காதா? வாயைத் திறந்தேன். கத்தினால் அவள் நிற்பாள், வண்டியும் நிற்கும், பிறகு திட்டில் நாற்பது பேர். இதையெல்லாம் யோசித்தேனா, பயத்தில் உறைந்துபோனேனா, எனக்கே தெரியவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் நான் கொலைகாரி. உறைந்தேன் என்று சொன்னால் கோழை. இருநூறு எட்டு நடந்தாள். இருநூறு எட்டு நேரம் எனக்கு இருந்தது.

காய்ச்சலும் இல்லை. காற்றும் இல்லை.

அவள் தட்டியதைக் கங்காணி சொல்லாமல் இருந்திருந்தால், ஏமாந்து செத்தாள் என்று நினைத்துக்கொண்டு நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இப்போது அதுவும் முடியாது. நான் கத்தாத இடத்தில் அவள் கையைக் காட்டினாள்.

பங்குனி 20

லூர்துவின் சோடியைத் தட்டித் தூசி துடைத்தேன். இடது கால் செருப்பை எடுத்துக்கொண்டேன். வலது வாசலில் இருக்கிறது, அம்மாவின் வலதுக்குப் பக்கத்தில்.

சூசையா மாமா கூட வந்தார். இரும்புக் கையின்மேல் இப்போது யாரும் இல்லை. அம்மாவின் செருப்பை அவிழ்த்து வடக்கே பார்த்துக் கட்டினேன். மற்ற இரண்டையும் சரியாகக் கட்டினேன். பிறகு புதுக் கம்பு நட்டு லூர்துவுடையதைக் கட்டினேன். மாமா கம்பைப் பிடித்துக்கொண்டார்.

இனிமேல் செருப்பு இருக்கிற இடத்திலும் தட்டித்தான் நடக்க வேண்டும் என்று ஊரில் முடிவு செய்திருக்கிறார்கள். மாமா அதைச் சொல்லச் சங்கடப்பட்டார். சரி என்றேன். நான் செய்த வேலைக்கு அவர்கள் அப்படித்தான் முடிவு செய்வார்கள். ஆனால் இங்கே தட்ட மாட்டேன் என்று சொன்னேன். கம்பியை அவர் கையில் கொடுத்தேன். அவள் செருப்பின் முனையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் காலை வைத்தேன். பிறகு அடுத்த காலை. தரை தாங்கியது.

மாமா அங்கேயே நின்று அழுதார். எனக்கு இப்போதும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும்.

வீட்டுக்கு வந்து கம்பியின் நுனியைக் கல்லில் உரசினேன். தட்டுவதற்குக் கூர் தேவையில்லை. சந்தனமாரி அத்தை வாசலில் வந்து நின்று பார்த்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் பங்குக் கருப்பட்டியைக் கொண்டுவந்து என் மடியில் முடிந்துவிட்டாள். ஒரு துண்டு, விரல் நுனி அளவு.

பிரகாசி: வந்தாள்.

லூர்து: வரவில்லை.

அதற்குக் கீழே வரிசையாகப் பதினொரு கோடு போட்டிருக்கிறேன். கரைக் கொட்டகையில் இருக்கிற பிள்ளைகளுக்கு. பெயர் தெரியாது. போய்க் கேட்டுக்கொண்டு வந்து எழுத வேண்டும்.